போனில் இருப்பவள்

மருதனார்மடம் சந்தையிலிருந்து வந்து மரக்கறிப் பையைக் குசினியில் இறக்கி வைப்பதற்குள் பொல்லு என் நெற்றியில் விழுந்தது. அடித்தவர் என் கணவர். மறதி நோய் வந்த பிறகு அவருக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. வீட்டுக்குள் புகுந்த கள்ளி என்றுதான் நினைக்கிறார்.

“வெளியாலை போடி!” என்று மறுபடியும் ஓங்கினார். அந்தப் பொல்லைப் பறித்து அவருக்கே நாலு போட எனக்கும் கை துடித்தது. அவரை வெளியே தள்ளி, குசினிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு அவருடைய போனுக்கு அழைத்தேன்.

அது வெளிநாட்டிலிருக்கும் மகள் வாங்கி அனுப்பிய போன். நான் அழைத்தால் திரை முழுக்க என் கலியாணப் படம் வரும். அந்த முகம் மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

கதவில் விழுந்துகொண்டிருந்த அடி நின்றது.

“இஞ்சேரும், எங்கை நிக்கிறீர்?” என்று குழைந்தார். படத்திலிருக்கும் அந்தக் கலியாணப் பெண்ணின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

“சந்தையிலை நிக்கிறன். டொக்டர் தந்த குளிசையைப் போட்டிட்டியளோ?”

“அதை விடும். இஞ்சை ஒருத்தி வீட்டுக்குள்ளை பூந்திட்டாள். மண்டையை உடைச்சு விட்டிருக்கிறன். நீர் பயப்பிடாமல் கெதியா வாரும்.”

நெற்றி இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

“ஓம், வாறன்” என்றேன். கதவைத் திறந்ததும் பொல்லு மறுபடி உயர்ந்தது.