காய்ச்சல் வராது என்று சொல்லச் சொன்னார்கள்

மைக் கட்டிய ஆட்டோவில் அறிவிப்பு செய்யும் தொழிலில், எழுதிக் கொடுப்பவர் அறைக்குள் இருப்பார், திட்டு வாங்குபவன் தெருவில் இருப்பான். யாரோ எடுத்த முடிவுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புரியும். திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் சாவுச் செய்தியும் என் குரலில்தான் போகும். ஊர் என் குரலை நம்பும் வரைதான் எனக்குப் பிழைப்பு. கொரோனா வந்ததும் அரசாங்கமும் என்னைக் கூப்பிட்டது.

வெளியே வராதீர்கள்

முதல் நாள் கொடுத்த தாளில், பொதுமக்கள் யாரும் வெளியே வர வேண்டாம் என்று இருந்தது. எங்கள் பக்கம் காலையில் மைக் ஆட்டோ வந்தால் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். நான் தொண்டையைச் செருமியதுமே தெருவே வாசலுக்கு வந்து ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டது. வராதீர்கள் என்று நான் கத்தக் கத்த, காது மந்தமானவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். நாலு தடவை வாசித்து முடித்தேன். முன்னால் நின்ற பெரியவர் பொறுமையாகக் கேட்டார்: "எல்லாம் சரிப்பா, செத்தது யாருன்னு சொல்லவே இல்லையே?"

பெயர் இல்லாத தெரு

அடுத்த வாரம் ஒரு தெருவில் நாலு பேருக்கு நோய். எனக்குத் தாள் எழுதிக் கொடுக்கும் அதிகாரி கெட்டவர் இல்லை, தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தார். மக்கள் பீதியடைவார்கள், தெருப் பெயரைச் சொல்லாதே என்றார். 'ஒரு குறிப்பிட்ட பகுதிக்குச் செல்ல வேண்டாம்' என்று வாசித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தெருவும் அது பக்கத்துத் தெருதான் என்று முடிவு செய்து, கருவேல முள்ளை வெட்டிப் போட்டு முனையை அடைத்துவிட்டது. நடுவில் நானும் ஆட்டோவும் மாட்டிக்கொண்டோம். மளிகைக்கடை பாய் கதவைப் பாதி திறந்து கேட்டார்: "நான் இப்ப எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படணும், அதையாவது சொல்லிட்டுப் போப்பா."

ஊசியும் நடவும்

தடுப்பூசி வந்தபோது நடவு நேரம். ஊசி போட்டால் காய்ச்சலே வராது என்று எழுதிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றார் அதிகாரி. நானோ முந்தின வாரம்தான் ஊசி போட்டு இரண்டு நாள் போர்வைக்குள் நடுங்கியிருந்தேன். இருந்தும் வாசித்தேன். பள்ளிக்கூடத்து முகாமுக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மறுநாள் நடவு ஆட்களின் தலைவி ராஜாத்தி வரப்பிலிருந்து ஏறிவந்து ஆட்டோவை மறித்தார். கொரோனாவில் போன அவருடைய அண்ணனின் சாவுச் செய்தியைச் சொன்னவனும் நான்தான். நிஜமாகவே காய்ச்சல் வராதா என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, காய்ச்சல் வரும், எனக்கும் வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது என்று வயல் முழுக்கக் கேட்கும்படி மைக்கிலேயே சொன்னேன். அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த முகாமுக்கு நடவுப் பெண்களில் பாதிப் பேர் வந்தார்கள். அவர்கள் காய்ச்சல் விட்டு வயலுக்குத் திரும்பியதும் மீதிப் பேர் போனார்கள். நடவு ஒருநாளும் நிற்கவில்லை. வழியில் பார்த்த ராஜாத்தி சொன்னார்: "வராதுன்னு சொன்னீங்க, எதையோ மறைக்கிறாங்கன்னு பயந்தோம். வரும்னு சொன்னீங்க, வேலைக்கு ஆள் மாத்தி வச்சுட்டுப் போய்ப் போட்டுக்கிட்டோம்."

முகாமுக்குக் கூட்டம் வந்ததற்குக் காரணம் சிறப்பான அறிவிப்புதான் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனதாம். சரியாக அறிவிக்காததற்காக என்னை நிறுத்திய தாளும் அதே உறையில்தான் போயிருக்கும்.