அம்மாவின் மதியத் தூக்கு

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே நான் அடுப்படியைக் கைப்பற்றிவிட்டேன். பி.எஸ்சி. முடித்தவள், சித்திரபுரம் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவள், மாவுச்சத்துக் குறைந்த சமையல் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவள். என்னைவிட்டால் வேறு யார்? “ஒரு மாசம் சோறு, கிழங்கு, சீனி மூணையும் குறைங்க. இறங்கலைன்னா ஊசிதான்” என்றிருந்தார் டாக்டர். தேயிலைக் காட்டில் அட்டைக்கும் பாம்புக்கும் அசராத அம்மா, ஊசி என்றதும் வெளிறிப்போனாள்.

காலை ஐந்தரைக்கு எழுந்து காலிஃபிளவரைத் துருவுவேன். கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, மூடாமல் நான்கே நிமிடம் வதக்க வேண்டும். மூடினால் நீர் விட்டுக் களியாகிவிடும். இறக்கும்போது ஒரு கை தேங்காய்ப்பூ. பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை, மேலே மிளகுத்தூள். சரியாக ஒரு ஆளுக்கு அளந்து அம்மாவின் தூக்குச்சட்டியில் வைப்பேன்.

முதல் வாரமே மதினி வாசலில் நின்று, “ஏட்டி, செய்யுறதுதான் செய்யுற, அஞ்சாறு பேருக்குச் சேத்துச் செய்யேன்” என்றாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எஸ்டேட் வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயத்தில் வீடு. அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தனக்கும் பங்கு கேட்கிறாள் என்று நினைத்தேன். “அளவு தப்பிரும் மதினி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தினமும் மாலை தூக்கு வழித்துத் துடைத்ததுபோல் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாத முடிவில் சர்க்கரை கொஞ்சம்கூட இறங்கவில்லை. டாக்டர் இன்னும் ஒரே மாதம் தவணை கொடுத்தார்.

“நீ வெசனப்படாத. இந்த மாசம் ஒன் மதினி செய்யட்டும்” என்றாள் அம்மா.

மறுநாள் மதினியின் அடுப்படிக்கே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். வெறும் பீன்ஸ் பொரியல்.

“இதுல என்ன இருக்கு மதினி?”

“பீன்ஸ் இருக்கு.”

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த மாதம் முழுக்க ஒரே வேண்டுதல்தான்: அம்மாவுக்கு ஊசி வேண்டாம், மதினிக்குப் பெயரும் வேண்டாம், ஊசி தப்பிக்கிற அளவுக்கு மட்டும் இறங்கட்டும்.

நன்றாகவே இறங்கியது. “குறஞ்ஞல்லோ! ஆரா வீட்டில் பாசகம்?” என்று, குறைந்துவிட்டதே, வீட்டில் யார் சமையல் என்று மலையாளத்தில் நர்ஸ் கேட்க, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அம்மா சொன்னாள்: “எம் மருமவ சமையலு!” பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அடுத்த லீவு நாளில், பீன்ஸில் அப்படி என்ன ரகசியம் என்று பார்க்க மதியம் தேயிலைக் காட்டுக்கே போனேன். பிளாஸ்டிக் விரிப்பில் அம்மா, மதினி, இன்னும் நான்கு பெண்கள். அங்கே யாரும் தன் தூக்கிலிருப்பதைத் தானே தின்பதில்லை. ஆளுக்கு ஒரு பிடி அடுத்தவர் மூடியில் வைத்த பிறகுதான் யார் வாயும் அசையும். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? காலிஃபிளவரை அளந்த அவசரத்தில் மறந்தே போயிருந்தேன்.

“வாட்டி! அந்தப் பூக்கோசு சோறு நீ செஞ்சதுதான? ருசியாத்தான் இருந்துச்சு. எனக்குக் கெடைச்சது ஒரு பிடி” என்றாள் ஓர் அக்கா.

“அப்ப அம்மா என்ன சாப்பிட்டாங்க?”

“எங்க சோறும் கப்பைக் கெழங்கும்தான். அவ தூக்கு காலியானப்பொறவு பட்டினியா போட முடியும்?”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “கை நீட்டுறவளுக்கு இல்லைன்னா சொல்லச் சொல்லுத?” என்றாள்.

மதினி செய்தது இவ்வளவுதான்: முதல் நாளே ஒரு பெரிய சட்டி பீன்ஸைக் கொண்டுபோய் எல்லோர் மூடியிலும் வைத்திருக்கிறாள். “சோத்தையும் கப்பையும் அவங்கவங்க வச்சுக்கோங்க. அத்தை மூடியில தொடுகறி மட்டும் வைங்க” என்றிருக்கிறாள். மறுநாள் ஒருத்தி முட்டை, இன்னொருத்தி மத்திக் குழம்பு, அவரைக்காய், முருங்கைக்கீரை என்று தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

என்னைவிட நன்றாகச் சமைத்து ஜெயித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

“எங்கிட்ட வெவரமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்ல, அஞ்சாறு பேருக்குச் செய்யின்னு. நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட.”

கெஞ்சிக் கூத்தாடி, செவ்வாய்க்கிழமையை மட்டும் மதினியிடமிருந்து வாங்கினேன். இப்போது செவ்வாய்தோறும் மூன்று பெரிய காலிஃபிளவர், பன்னிரண்டு முட்டை. துருவித் தரவா என்று மதினி வந்தால் உள்ளே விடுவதில்லை.

போன செவ்வாய் மாலை அம்மா தூக்கை இறக்கி வைத்து, “இன்னைக்கு ஒன்னோடதுதான் மொதல்ல காலி” என்றாள்.

“மதினி கேட்டு வாங்குனாங்களா?”

“ரெண்டு தடவ.”

வியாழக்கிழமையையும் கேட்டு வாங்கிவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.