வெள்ளத்தில் காயப்போட்ட துணி

பிரிம்ஃபோர்டில் தேம்ஸ் ஆறு மில் வீட்டைச் சுற்றி வளைகிற இடத்தில் கொஞ்சம் புல்தரை உண்டு. அதற்குக் காயப்போடும் கரை என்றே பேர். சர்ச் சந்தில் குடியிருக்கிற பெண்கள் திங்கட்கிழமை தவறாமல் அங்கே கொடி கட்டித் துணி உலர்த்துவார்கள். நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி, திங்கட்கிழமைப் பாத்தியதை சந்துக்காரர்களுடையது. ஆனால் ஒன்று, ஒரு திங்கட்கிழமைகூடக் கரை வெறுமையாகக் கிடக்கக் கூடாது. கிடந்தால் பாத்தியதை போச்சு. இதை யார் வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஹன்னா பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான்.

ஹன்னாவின் மகள் கெஸையா, கெஸையாவின் மூத்தவள் ரூத், ரூத்துக்கு ஒரே மகள் பெரில் குவாட்டர்மன். பெரில் பிறந்ததே ஒரு திங்கட்கிழமைதான். வலி எடுத்த பிறகும் ரூத் கடைசிப் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போனாளாம். அந்த வயிற்றில் பிறந்தவள் யாருக்காவது வளைந்து கொடுப்பாளா?

மதகில் வேலை பார்த்த ரெஜ்ஜைக் கட்டிக்கொண்டாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகவே இருந்தாள். அதற்குள் சந்தில் வீட்டுக்கு வீடு துணி துவைக்கிற மிஷின் வந்துவிட்டது. ஒவ்வொருத்தியாகக் கரைக்கு வருவதை விட்டாள். பெரில் வீட்டிலும் மிஷின் இருந்தது. துவைத்து, அடுப்படியில் உலர்த்தி, காய்ந்த துணியைக் கூடையில் எடுத்துக்கொண்டு தூறலில் கரைக்குப் போவாள். ரெஜ்ஜின் தங்கை டல்ஸிக்கு இது பொறுக்கவில்லை. சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

"ஏன் அண்ணி, காஞ்ச துணியைக் கொண்டுபோய் மழையில நனைச்சு எடுத்துட்டு வர்றீங்களே, புத்தி கித்தி கலங்கிப்போச்சா?"

"துணி காயணும்னா போடறேன்? நம்ம இடம் நம்ம கையில நிக்கணும்னு போடறேன்."

"ஆமா, பெரிய ராஜ்ஜியம்! நாலு மாடு நின்னா நிறைஞ்சு போற புல்லு."

அன்றோடு நாத்தனாரும் அண்ணியும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு குளிர்காலம் போயிற்று.

அப்போதுதான் லண்டனிலிருந்து பென்ரோஸ் வந்து மில் வீட்டை வாங்கினார். நல்ல மனுஷர் மாதிரிதான் பெரில் வீட்டுக்கு வந்தார். மழையைப் பற்றிப் பேசினார், ரோஜாவைப் பற்றிப் பேசினார், அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"மிஸஸ் குவாட்டர்மன், தப்பா நினைக்காதீங்க. விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்து ஜன்னலைத் திறந்தா, ஆறு தெரிய மாட்டேங்குது. உங்க உள்பாவாடைதான் தெரியுது."

"ஆத்தைப் பாக்கத்தானே திறக்கறீங்க? ஆத்தைப் பாருங்க. பாவாடையை யாரு பாக்கச் சொன்னா?"

பென்ரோஸுக்குக் காது சிவந்துவிட்டது. "நிலம் என் பேர்ல இருக்கும்மா."

"இருக்கட்டுமே. திங்கக்கிழமை மட்டும் எங்களுக்கு. மத்த நாளெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. டீ ஆறுது, குடிங்க."

அடுத்த மாதமே கரை நெடுக வெள்ளைக் கம்பங்கள் முளைத்தன. அடியில் சிமெண்ட், நெஞ்சு உயரத்தில் கெட்டிக் கம்பி. பெரில் வேலிக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய்த் தன் பழைய மரக்கம்பங்களில் கொடி கட்டினாள். பென்ரோஸ் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதைப் பப்பில் அவரே சொன்னார்.

"வக்கீல் பொறுமையா இருங்கன்னுட்டாரு. கிழவிக்கு ஒரு திங்கக்கிழமையாவது சளி பிடிக்காமலா போகும்? வெறும் கரையை ஒரு போட்டோ எடுத்தாப் போதும். கேமராவுல ஃபிலிம் போட்டு ரெடியா வச்சிருக்கேன்."

பியர் நுரை அடங்குவதற்குள் சேதி சந்து முழுக்கப் பரவிவிட்டது.

பெரிலுக்குச் சளி பிடிக்கவில்லை. ஆற்றுக்குத்தான் பிடித்தது. பிப்ரவரியில் பனி உருகி, மேலே மழையும் கொட்டி, ஞாயிறு ராத்திரியோடு ராத்திரியாகத் தேம்ஸ் கரை ஏறிவிட்டது. திங்கள் காலையில் பெரில் கூடையோடு சந்து முனைக்கு வந்தபோது புல்லும் இல்லை, கரையும் இல்லை. ஒரே பழுப்புத் தண்ணீர். மரக்கம்பங்களை ஆறு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. மில் வீட்டு மாடி ஜன்னலில் பென்ரோஸ் நின்றார். கழுத்தில் கேமரா.

பெரில் ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வந்தது. தொடை வந்தது.

"அண்ணி! நில்லுங்க!"

டல்ஸி, தன் புருஷனின் தட்டைப்படகைக் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீங்க செத்துக்கித்துப் போனா அண்ணனுக்கு நான்ல பதில் சொல்லணும்? ஏறுங்க."

"உனக்கென்னடி? போய் உன் மிஷினைக் கட்டிட்டு அழு."

"வாயை மூடிட்டு ஏறுங்கன்றேன்ல. அந்த ஆளு பப்புல உங்களைக் கிழவின்னானாம். நான் சொல்லலாம். நேத்து வந்தவன் சொல்லலாமா?"

பெரில் ஏறினாள். இரண்டு பேரும் கரை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொடி கட்ட ஒரு குச்சி கிடையாது. டல்ஸி கழியை ஊன்றியபடி திருதிருவென்று விழித்தாள். பெரில் சுற்றிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே வெள்ளை வெளேரென்று பென்ரோஸின் கம்பங்கள் நின்றன. கம்பி விறைப்பாக இருந்தது. பெரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளிப்புகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு போர்வையை விரித்துப் போட்டாள். அப்புறம் ரெஜ்ஜின் பைஜாமா. டல்ஸி தன் பையிலிருந்து புருஷனின் நீளக் கம்பளி உள்ளாடையை எடுத்து மாட்டினாள். அதன் இரண்டு காலும் காற்றில் மில் வீட்டைப் பார்த்து உதைத்தன.

ஜன்னல் படாரென்று திறந்தது. "அது என் வேலி! என் கம்பி!"

"நல்ல வேலி சார்!" என்று பெரில் கத்தினாள். "எங்களதெல்லாம் ஆத்தோட போச்சு, உங்களது அசையலையே! சிமெண்ட் தாராளமா போட்டிருக்கீங்க! போட்டோ எடுக்கலியா? டல்ஸி, நிமிந்து நில்லு, நாமளும் விழணும் அதுல."

பென்ரோஸ் கேமராவைத் தொடவே இல்லை. வெள்ளம் வடிந்ததும் கம்பங்களைப் பிடுங்க ஆள் அனுப்பினார். அனுப்பிய நாள் திங்கட்கிழமை. கம்பியில் சந்தில் பாதி வீட்டுத் துணி தொங்கியது. வந்த ஆள் தொப்பியைத் தலையில் நேராக வைத்துக்கொண்டு திரும்பிப் போனான், மறுபடி வரவே இல்லை. அப்புறம் பென்ரோஸும் வீட்டை விற்றுவிட்டுப் போனார். கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. சந்துக்காரர்கள் அப்புறம் மரக்கம்பம் வெட்டவே இல்லை.

பெரிலை அடக்கம் செய்ததும் ஒரு திங்கட்கிழமை. சர்ச் நிறைந்துவிட்டது, பெட்டி வந்துவிட்டது, டல்ஸியை மட்டும் காணோம். பாதிரியார் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். கடைசியில் ஈரக் கையைக் கோட்டில் துடைத்தபடி அவள் உள்ளே வந்தாள்.

"அண்ணியோட ஏப்ரன் ஒண்ணைப் போட்டுட்டு வந்தேன். கரை வெறுமையா கிடந்தா, பெட்டியைத் திறந்துட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க," என்றாள். "ம், இப்ப ஆரம்பிங்க."