அடிக்காத தம்பட்டம்

எங்கள் குடும்பத்தில் இந்தச் சம்பவத்துக்கு மூன்று வெவ்வேறு ஆண்டுகள் வழக்கில் உள்ளன. அம்மா சொல்லும் ஆண்டில் நான் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்திருக்கவில்லை. சித்தப்பா சொல்லும் ஆண்டில் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. திகதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கிடைத்த தடயங்களை அடுக்கிப் பார்த்து நானும் ஓர் ஆண்டைச் சொல்லி வருகிறேன். அதை ஒருவரும் ஏற்பதில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான்: சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகவில்லை, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன், கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து, வீதியில் யானைச் சாணம் இன்னும் முழுதாகக் காயாத வாரம் அது.

அப்போது நாங்கள் மஹய்யாவையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை ஒன்றில் குடியிருந்தோம். அப்பா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். ஒரு நண்பருக்காகக் கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அப்பாவின் கையெழுத்து மட்டும் கண்டியில் தங்கிவிட்டது. வழக்கு நடந்து, தீர்ப்பாகி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதென்று கடன் கொடுத்தவரோடு பேசி முடித்து, அப்பா ஒழுங்காகக் கட்டியும் வந்தார். இருந்தும் சித்திரை பிறந்த பிறகு மாதம் தவறாமல் பிஸ்கால் ஐயா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

பிஸ்கால் என்பது, தீர்ப்புப்படி கடனாளியின் சாமான்களைப் பறிமுதல் செய்து ஏலம் போடுகிற அரசாங்கக் கந்தோர். அங்கிருந்து வருகிறவரையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை, காலர் நைந்த கோட்டு, சத்தமே வராத குரல். அப்பாவைத் 'தம்பி' என்பார், அம்மாவைத் 'தங்கச்சி' என்பார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி அலுமாரியையும் கதிரைகளையும் அம்மாவின் தையல் மெஷினையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் அக்காவைப் பார்ப்பதும் அப்படித்தான் என்பதால், அவர் தையல் மெஷினைக் கட்டிக்கொள்ள வந்திருக்கிறார் என்று சித்தப்பா என்னிடம் சொல்லியிருந்தார்.

எனக்கு அவரிடம் பெரிய அக்கறை இல்லை. அவருக்குப் பின்னால் வருகிறவரைத்தான் நான் எதிர்பார்த்திருப்பேன். குண்டசாலைப் பக்கத்துச் சிங்களவர், நரைத்த கொண்டை, கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் தம்பட்டம். ஒன்றோடொன்று கட்டிய இரண்டு சின்ன முரசுகள். பெரஹெராவில் இடுப்பில் கட்டிக்கொண்டு அடிப்பார்களே, அதே வகை. அடிக்கும் குச்சிகளின் நுனி பிரம்பு வளையம் போல வளைந்திருக்கும். குச்சிகளை அவர் பையில் வைப்பதில்லை. இடுப்புப் பட்டிக்குள் செருகியிருப்பார். விறாந்தையில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து, பையை மடியைவிட்டு இறக்காமல் வெற்றிலை மெல்லுவார். ஒருநாளும் அடித்ததில்லை.

அடிக்காத தம்பட்டத்தை எதற்காக இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வரவேண்டும்? உள்ளே நடந்த பேச்சு எனக்கு விடை சொல்வதற்குப் பதிலாக இன்னும் குழப்பியது.

"பஸ் கூலி ஒரு ரூபா, என்னோட படி ரெண்டு ரூபா. அப்புறம் தம்பட்டக்காரன் கூலி," என்றார் பிஸ்கால் ஐயா.

"அவருக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஏலத்துக்கு வீதியில அடிச்சா ஒன்றரை ரூபா."

"அடிக்காட்டி?"

"அஞ்சு ரூபா."

சித்தப்பா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "நீ சும்மா இருடா," என்று சொல்லி அம்மாவைப் பார்த்தார். அம்மா சீனிப் போத்தலுக்குப் பின்னால் கையை விட்டாள். அக்காவுக்கு மாத்தளையில் ஓர் இடம் கூடி வந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலில் ஏலத் தம்பட்டம் அடித்தது என்ற செய்தி, பஸ் பிடித்து மாத்தளை போய்ச்சேர அரை நாள் போதும். அப்பா காசு கொடுத்தது அந்த மௌனத்துக்குத்தான்.

யார் வந்து போகிறார்கள் என்று பக்கத்து வீடுகளில் கேட்டால், கோயில் திருவிழாவுக்கு மேளம் பேச வந்தவர்கள் என்று சொல்லும்படி அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தாள். நான் அதை அப்படியே நம்பினேன். ஆடி முடிந்தது. திருவிழாவும் நடந்தது. அந்தத் தம்பட்டம் மட்டும் வரவில்லை.

பெரஹெரா தொடங்குவதற்கு முந்திய வருகையில் நான் தம்பட்டக்காரரிடமே கேட்டேன். எங்கள் வரிசையில் பல காலம் நடந்து பழகியதால் அவருக்குத் தமிழ் வரும்.

"உங்களுக்கு அடிக்கத் தெரியாதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிங்களத்தில் மகளைக் கூப்பிடுவது போல என்னைத் 'துவ' என்றுதான் கூப்பிடுவார். "தெரியும் துவ. எங்க அப்பாவுக்கும் தெரியும், அவரோட அப்பாவுக்கும் தெரியும். பெரஹெராவுல பாரு."

"இங்க ஏன் அடிக்க மாட்டேங்கிறீங்க?"

"அடிச்சா எனக்கு ஒன்றரை ரூபா. அடிக்காட்டி ஐயாவுக்கு அஞ்சு ரூபா. எனக்கு பஸ் காசு மட்டும்." வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஐயா அஞ்சுதான் கேட்பாரு."

எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரம் சாக்குக்கு மேலாகவே ஒரு விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் சாக்கைத் தாண்டவில்லை.

பிறகு பெரஹெரா வந்தது. சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்து, இரவெல்லாம் நூற்றுக்கணக்கான மேளங்களைக் கேட்டேன். காது அடைத்துப்போனது. ஆனால் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது அந்தச் சாக்குக்குள் இருந்த ஒன்றுதான்.

அடுத்த வாரம் மாத்தளைக்காரர்கள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து அனுப்பினார்கள். அது பிஸ்கால் ஐயாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத விவாதம். வழக்கமான நாளுக்கு முன்பே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல காரியம் நடக்கப்போகுதாம். ரொம்ப சந்தோசம் தங்கச்சி. இந்த மாசம் இவன் பத்து ரூபா கேட்கிறான்."

அப்பா உள் அறைக்கு அழைத்துப்போய் மெதுவாகப் பேசினார். அவரும் மெதுவாகப் பதில் சொன்னார். அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த வேளையில், விறாந்தையில் தம்பட்டக்காரர் பையை அவிழ்த்துத் தம்பட்டத்தை வாங்கின் மேல் வைத்தார். அதன் தோலை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். இடுப்பிலிருந்த குச்சிகளை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"நான் பைப்படிக்குப் போய் வாய் கொப்பளிச்சிட்டு வாறேன், துவ. பாத்துக்க."

பொதுக் குழாய் நின்ற அந்தப் பைப்படி, வீட்டு வரிசையின் கடைசியில் இருந்தது. அவர் மெல்ல நடந்து போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். பிறகு குச்சிகளை எடுத்தேன். முதல் அடி சின்னதாகத்தான் அடித்தேன். அது அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது அடியில் கூரையிலிருந்த காகங்கள் எழுந்தன. அதன் பிறகு பெரஹெராவில் கேட்டதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, மூச்சு விடாமல் அடித்தேன்.

வரிசையின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிஸ்கால் ஐயா குடையோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் வந்த அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அக்கா அழுகிற சத்தம் கேட்டது. என் கையிலிருந்த குச்சிகள் நின்றன.

எதிர்வீட்டு முஸ்லிம் பெரியவரான நானாதான் முதலில் பேசினார். திகனயில் கடை வைத்திருந்தவர். அன்று வீட்டில் இருந்தார். வீதியைக் கடந்து வந்து தம்பட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுதானா சங்கதி? இந்தச் சாமான் எங்கட ஊட்டு விறாந்தையிலயும் மூணு மாசம் குந்திட்டு இருந்திச்சே."

பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்: "நாலு மாசமா என்னடி மேளம் பேசுறீங்கன்னு நெனச்சேன். நாங்களும் கோயில் மேளம்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தோம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். பிஸ்கால் ஐயாவின் குரல் அன்றுதான் உயர்ந்தது. "இது அரசாங்க வேலை. சின்னப் பிள்ளை அடிச்சதெல்லாம் கணக்கில வராது."

"தம்பட்டத்துக்குத் தெரியுங்களா யாரு அடிச்சதுன்னு?" என்றார் சித்தப்பா. "அடிச்சாச்சுங்க. அடிச்சா ஒன்றரை ரூபான்னு நீங்கதானே சொன்னீங்க?" சட்டைப் பையிலிருந்து ஒன்றரை ரூபாயை எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த தம்பட்டக்காரரின் கையில் வைத்தார். "மத்ததுக்கு ரசீது எழுதுங்க, எல்லாருமா வந்து கந்தோர்லயே கட்டிடுறோம்."

ரசீது எழுதப்படவில்லை. குடை தெருமுனையில் திரும்புவதை வரிசையே பார்த்தது.

அன்று மாலையே அப்பாவும் நானாவும் கடன் கொடுத்தவரிடம் போனார்கள். அவர் யாரையும் அனுப்பவில்லை. சாமான்களில் கைவைக்க வேண்டாமென்று பிஸ்கால் கந்தோருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டாராம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றாராம். கேட்பதற்குத்தான் அப்பாவுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. மறுநாள் வரிசை ஆண்கள் எல்லாரும் பிஸ்கால் கந்தோருக்குப் போனார்கள். அந்தக் கோட்டு பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

செய்தி போய்ச் சேருமுன் அப்பா தானே மாத்தளைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா, "எங்க பக்கத்துல வர்றவரு ஏழு ரூபால்ல கேட்கிறாரு, உங்களுக்கு மட்டும் எப்படி அஞ்சு?" என்று கேட்டதாகச் சித்தப்பா சொல்லுவார். அப்படி ஒரு பேச்சு நடந்ததாக அப்பா ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. சித்தப்பா அன்று மாத்தளைக்குப் போகவும் இல்லை. எப்படியோ, தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அதற்கு மட்டும் எங்களிடம் ஒரே திகதிதான்.

வீட்டில் இந்தக் கதையை என் குறும்பு என்றே சொல்லி வந்தார்கள். நானும் அப்படியே நம்பி, சில காலம் பெருமைப்பட்டும் கொண்டேன். அடுத்த பெரஹெராவில் தம்பட்டக்காரரைத் தேடினேன். தலைப்பாகை கட்டிய எல்லாரும் ஒருவர் போலவே இருந்தார்கள். சித்தப்பா காசைக் கொடுத்தபோது அவர் அதை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டதும், தம்பட்டத்தைச் சாக்கில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டிருந்தால் எங்கள் வீட்டிலேயே கொடுத்திருப்போம். முன்பெல்லாம் கேட்டு வாங்கிக் குடித்தவர்தான். அவர் வைத்துவிட்டுப் போன குச்சிகளின் கைப்பிடிகள் இரண்டும் என் பக்கமாகத் திரும்பியிருந்தன. எடுக்கச் சுலபமாக இருக்கிறதே என்று மட்டும்தான் அன்று நினைத்தேன்.