கோட்டியும் கொட்டியும்

எனக்கு இப்ப எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். எனக்கு எழுத்து பெரிசா வராது, நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுறாள். ஆனால் வயர் முனையில் நான் வைத்த சோல்டர் ஒண்டும் கழண்டதில்லை. கொழும்பு மருதானையில் ரேடியோ கடையில் பழகின கை. அதைக் கேள்விப்பட்டுத்தான் வெள்ளவத்தையில் ஒரு பௌதிகவியல் சேர் என்னை வேலைக்கு எடுத்தார். யுத்தக் காலம். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் போவேன்.

வேலை என்னவெண்டு சொல்ல வேணும். அண்டவெளியில் இருந்து பயங்கர வேகத்தில் ஒரு துகள் வந்து காற்றில் மோதும். மோதினால் கோடிக்கணக்கான சின்னத் துகளாகச் சிதறி மழை மாதிரி இறங்கும். சேர் அதை 'ஷவர்' எண்டுவார். இறங்கும்போது ரேடியோ அலை ஒண்டு எழும்பி, கண் மூடித் திறக்க முதல் முடிஞ்சு போகும். அதைப் பிடிக்கத்தான் சேரின் வீட்டு மொட்டை மாடியில் ஏரியல்கள் நட்டோம்.

"இங்க ரேடியோ இரைச்சல் கூட, அக்கா. இது சும்மா டெஸ்ட். சரி வந்தா மலைப் பக்கம் கொண்டு போவம்" எண்டார் சேர்.

புலியின்ர பிளேன் வந்து குண்டு போடும் எண்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், தமிழன் வீட்டு மாடியில் ஏரியல்.

செக்கிங் வந்த நாள்

ஒரு காலமை ஆமி மாடிக்கு ஏறி வந்தது. அவங்கட பெரியவர் ஏரியலைத் தட்டி, "மேக்க மொக்கத?" எண்டார். இது என்ன எண்டு கேட்கிறார். சேர் யாழ்ப்பாணம், சிங்களம் அரைகுறை. வேர்த்து ஒழுக, வானத்தைக் காட்டி, "அஹசின் கொட்டி எனவா, மாத்தயா" எண்டு சொல்லிப்போட்டார்.

சிங்களத்தில் கோட்டி எண்டால் கோடி. கொட்டி எண்டால் புலி. வானத்தில் இருந்து கோடி துகள் வருது எண்டு சொல்ல வந்த மனுசன், பயத்தில் நெடிலைக் குறிலாக்கி, வானத்தில் இருந்து புலி வருது எண்டு சொல்லிப்போட்டார். துவக்குகள் நிமிர்ந்தன. சேரை முழங்காலில் இருத்தினார்கள்.

"நெஹே மாத்தயா! கோட்டி! கோ...ட்டி!" இல்லை ஐயா, கோடி எண்டு, லொத்தர்ச் சீட்டு விக்கிறவன் மாதிரிக் கத்தினேன்.

ஒரு சிப்பாய் சிரிச்சிட்டான். பெரியவர் சிரிக்கேல்லை. "அப்ப எனக்கும் ஒரு டிக்கட் கிழி, அம்மே" எண்டு சிங்களத்தில் நக்கலடிச்சுப்போட்டு, சேரை ஜீப்பில் ஏத்தினார்.

சேருக்குக் கொழும்பில் சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. நான்தான் அவரை ஒப்படைச்ச பொலிஸ் ஸ்டேசன் வாசலில் நிண்டனான். அப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகள் எங்கட ஒழுங்கையிலயும் இருந்தார்கள். பொழுதுபடுற நேரம், அவரோடு படிப்பிக்கிற சிங்களப் பேராசிரியர் வந்து விளங்கப்படுத்தி வெளியில் எடுத்தார். சேரின் உதடு வெடிச்சிருந்தது.

பஸ்ஸில் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கோட்டி... கொட்டி... கோட்டி..."

"சேர், வாயை மூடுங்கோ. சுத்திவர ஆக்கள்" எண்டேன்.

அடுத்த நாள் ஏரியல்களை நானே கழட்டினேன். ஒரு ஷவரும் பிடிபடேல்லை.

இந்த வேலைக்கு வாற பிள்ளைகளே, உங்கட கருவி என்ன செய்யுது எண்டு, துவக்குப் பிடிச்சவன்ர பாஷையில் சொல்லப் பழகிப்போட்டு ஏரியலை நடுங்கோ.

பிள்ளை, இப்ப எழுதினதை ஒருக்கா வாசி, பாப்பம். கோட்டிக்குக் கொம்பைச் சரியாச் சுழிச்சனியோ?