ஏரிக்கரையில் வைத்த சோறு

அந்த ஆடி அமாவாசைக்கு ஏரிக்கரையில் மூன்று பேர் இருந்தோம்: அக்கா, அக்காவின் கணவரான அத்தான், நான். அத்தானின் அப்பா இருக்கவில்லை. நாங்கள் போனதே அவருக்காகத்தான்.

நேற்று ஸ்ரௌவ்வில் ஊரில் அக்கா வீட்டு வாசலில் நிற்கும், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் அத்தானின் சின்ன வீட்டு ட்ரெய்லரைத் துடைத்துக் கொடுத்தேன். நாளைக்கு வோபர்னிலிருந்து ஒரு குடும்பம் வாங்க வருகிறது. இழுத்துக்கொண்டு ஓட அத்தானின் முதுகு இப்போது இடம்கொடுப்பதில்லை. கரண்டி வைக்கும் லாச்சியைக் கழற்றியபோது, அடியில் நாலாய் மடித்த மஞ்சள் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரிக்காமலே அது என்னவென்று தெரிந்தது. மூக்கில் ஏரித் தண்ணீரின் பாசி மணம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். இடப்பெயர்வோடு அக்காவின் படிப்பு ஏழாம் வகுப்பில் நின்றுபோனது. அத்தானுக்கு அதுவும் இல்லை, தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டுவார். பாண் சுடும் தொழிற்சாலையின் லொறி ஓட்டினார்; வீதிக் குறிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம், ஆங்கில எழுத்து என்றால் என்னைக் கூப்பிடுவார். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் நான்தான் உடைக்கவேண்டும். அவருடைய அகதி வழக்கு இழுபட்ட காலத்தில் ஊரில் அவரின் அப்பா செத்துப்போனார். போனால் திரும்பி வர முடியாது. கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட தம்பி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஸ்காபரோக் கோயிலுக்குப் போய் வருவார், வந்து முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்.

“நம்பர் எடுத்து லைனில நிண்டு அப்பாவை நினைக்கேலாது தம்பி. கீரிமலைத் தீர்த்தத்துக்குத்தான் போகேலாது, ஒரு தண்ணிக்கரையிலயாவது செய்வம்” என்றார். நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்திருந்த கோடை அது. ரெக்ஸ்டேலில் யாரோ ஒரு கிழவரிடம் அந்த ட்ரெய்லரை வாங்கினார். ஏரியோரத்து அரசாங்கப் பூங்காவின் முகாம் திடலில் இரண்டு இரவுக்கு இடம் பதிந்தது நான்.

பூங்கா வாசலில் ஒரு தாள் தந்தார்கள். மூன்றாவது வரியிலேயே இருந்தது: மிருகங்களுக்கோ பறவைகளுக்கோ உணவு வைக்கக் கூடாது, மீறினால் தண்டம். வாசித்தேன். மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அத்தான் சந்தோசமாகச் சீட்டியடித்துக்கொண்டு ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதுவரை நான் வாசித்துச் சொன்னவற்றில் நல்ல செய்தி குறைவு. இதையும் என் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

அமாவாசையன்று காலையில் அத்தான் ஏரியில் மூன்று முழுக்குப் போட்டார். ஆடி மாதத்திலும் பல் கிட்டும் குளிர். அக்கா ட்ரெய்லரின் இரட்டை அடுப்பில் பச்சையரிசிச் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் வடையும் செய்தார். அந்த விரதத்துக்கென்றே உள்ள காத்தோட்டிக்காயை, உறைந்த பொதியாக ஸ்காபரோவில் தேடி வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு மரக்குற்றியில் வாழையிலைத் துண்டை விரித்துச் சோறு வைத்தார் அத்தான். காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடலாம்.

“கா... கா... கா...”

காகம் வரவில்லை. கோடு போட்ட குட்டி அணில் ஒன்று வந்தது. கையைத் தட்டிக் கலைத்தார். பக்கத்துத் திடல் வெள்ளைக்காரர் கோப்பிக் குவளையைத் தூக்கிக் காட்டினார், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு மணியாயிற்று. ஒன்றரையாயிற்று.

“இஞ்சருங்கோ, இஞ்சத்தைக் காகத்துக்குத் தமிழ் விளங்காது. வந்து இருங்கோ” என்றார் அக்கா.

“உமக்குப் பகிடி. அந்த மனிசன் அங்க பசியோட நிக்குது.”

காகத்துக்குப் பதிலாகப் பூங்காவின் காவல் அதிகாரி வந்தார். என் வயதை விட இரண்டு மூன்று கூடிய பெண். சோற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இப்போதே எடுத்துவிட்டால் எச்சரிக்கையோடு போய்விடுவேன், மணத்துக்குக் கரடி வரும், சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“காகம் தொடாமல் எடுத்தா, அப்பாவைப் பந்தியில இருந்து எழுப்பின மாதிரி. பத்து நிமிசம் கேள்.”

கேட்டேன். முடியாது என்றார், மரியாதையாகத்தான்.

“அப்ப எழுதச் சொல்லு” என்றார் அத்தான். அந்தப் பெண் தண்டப் புத்தகத்தை எடுத்துக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் மேலேயிருந்து நீலமாய் ஏதோ இறங்கியது. புளூ ஜே, இங்குள்ள பேஸ்போல் அணியின் சின்னமான பறவை. குற்றியில் தத்தி, தலையைச் சரித்துப் பார்த்து, வடையில் ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது.

“உது தொப்பியில இருக்கிற குருவியெல்லோ?” என்றார் அத்தான்.

“ஓம் அத்தான். ஆனா அதுவும் காகச் சாதிதான். காகக் குடும்பம்.”

“எனக்காகச் சொல்லாத.”

“சத்தியமா. பயோலொஜியில படிச்சனான்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த படிப்புக்கு அதைவிடக் கடினமான சோதனையை இன்றுவரை நான் எழுதவில்லை. பிறகு அவரே இலையை மடித்து, கீழே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி, இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் போட்டு மூடினார். அந்தப் பெண் மஞ்சள் தாளைக் கிழித்து நீட்டி, மன்னிக்கவேண்டும் என்றார். “தாங் யூ மேடம்” என்றார் அத்தான், அர்ச்சனைத் தட்டை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.

சாப்பிடும்போது சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னேன். “அத்தான், கேற்றில தந்த தாளில இருந்தது. நான் சொல்லேல்லை.”

காத்தோட்டிக்காயின் கசப்பை ஆறுதலாக மென்று விழுங்கினார். “எனக்கும் தெரியும். கேற்றடியில படம் போட்டிருந்தவங்கள். கரடி, கோப்பை, குறுக்கால சிவப்புக் கோடு. அதுக்கு இங்கிலீசு வேணுமே?”

“பிறகேன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தா நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். சாப்பிடு.”

அதற்குப் பிறகும் எத்தனையோ கோடை அந்த ட்ரெய்லரில் போய்வந்தோம். ஆடி அமாவாசைக்கு மட்டும் அத்தான் கோயில் வரிசைக்கே திரும்பினார். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததில்லை.

நேற்று அந்த மஞ்சள் தண்டத் தாளை முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், லொறிக் கணக்கு எழுதும் பேனையால், கோணல் எழுத்தில் அத்தான் எழுதி வைத்திருந்தார்: அப்பான்ர சாப்பாடு, 125 டொலர்.