கதவைத் தட்டியது யார் என்று வெர்லின் ஹாக்பெர்க்குக்குத் தெரியாமலே போன கதை

டுலூத் ஊரில் பாதிப் பேருக்கு வெர்லின் ஹாக்பெர்க்கைத் தெரியும். அந்தப் பாதியிலும் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. கார் ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கிற வேலை அவருக்கு. ஏரிப்பக்கமிருந்து செங்குத்தாக மேலே ஏறும் தெருவில், ஜனவரிப் பனியில், பதினாறு வயதுப் பிள்ளையை வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு மடியில் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளை பாவம், நன்றாகவே நிறுத்தும். இவர் இறங்கிப் போய் அளந்து பார்ப்பார்.

"நடைபாதையிலேர்ந்து பதினாலு அங்குலம். பன்னெண்டுக்கு மேல போகக் கூடாது. அடுத்த மாசம் வா."

இப்படியே இருபத்தாறு வருடம். சரி, வயிற்றுப்பிழைப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் மனிதர் வேலை முடிந்தபிறகும் அந்த அட்டையைக் கீழே வைப்பதில்லையே! காமிக்ஸ் புத்தகங்களுக்கும் அதே கதிதான். சட்டைக்கு மேல் சட்டை போட்டுப் பறக்கிற அத்தனை சாகச நாயகர்களும் வெர்லினிடம் தேர்வு எழுதித் தோற்றவர்கள். பதிப்பகங்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் முப்பத்தேழு வாசகர் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. முப்பத்தேழும் வசவு. ஒருமுறை ஒரு பதிப்பாசிரியர் நொந்துபோய், 'ஹாக்பெர்க் அவர்களே, இந்தப் பூமியில் உங்களுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று உண்டா?' என்று கீழே பதில் போட்டிருந்தார். வெர்லின் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறார். கல்யாணப் படம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

புதன்கிழமைதான் புதுப் புத்தகங்கள் வரும் நாள். மூன்றாம் தெருவில் மார்னா கிவேலாவின் கடை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டைப்பெட்டி கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். யாருக்கு எந்தத் தொடர் வேண்டுமோ அதை மார்னா அவரவர் பெட்டியில் போட்டுவைப்பாள். எத்தனை பேர் பெட்டியில் கேட்கிறார்களோ அத்தனை பிரதிதான் அவள் முன்கூட்டியே சொல்லி வரவழைப்பாள். விற்காததைத் திருப்பி அனுப்ப வழியில்லை. நாடு முழுக்க எல்லாக் கடைக்காரர்களும் இப்படிச் சொல்கிற எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஒரு தொடர் வாழ்வதா சாவதா என்று பதிப்பகத்தார் முடிவுசெய்வார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெர்லின் கடைக்குள் வந்தால் கூட்டம் பேச்சை நிறுத்தும். புகைபோட்ட மீன் விற்கிற குர்ட், மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் டெசா, இன்னும் இருபது பேர். "என்ன வெர்லின், தேறிச்சா?" என்று குர்ட் கேட்பான். "தேறல" என்று இவர் சொல்வதும் எல்லாரும் கெக்கெக்கென்று சிரிப்பதும் வாராவாரம் நடக்கிற பூசை. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் மனிதருக்குச் சோறு தண்ணி எல்லாம்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. இருபத்தொரு வருடத்துக்கு முன், ஜென்மப் பகையான இரண்டு பதிப்பகங்கள் கைகோத்துத் தங்கள் தங்கள் நாயகர்களை ஒரே கதையில் மோதவிட்டன. ஒரு பக்கம் இடிமுட்டி, மறுபக்கம் பித்தளை ஆந்தை. இரண்டு வீட்டு வழக்கறிஞர்களும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியதால் ஆளுக்குப் பதினாலு குத்து, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் இரு உலகங்களுக்கும் நடுவே இருந்த வாசல் மூடிக்கொண்டது. ஆந்தையின் மனைவி இல்சா அந்தப் பக்கம், இடிமுட்டியின் உலகத்திலேயே, மாட்டிக்கொண்டாள். எல்லாரும் யார் ஜெயித்தது என்று அடித்துக்கொண்டார்கள். வெர்லின் மட்டும் வருடம் தவறாமல் ஒரு கடிதம் போட்டார்: 'இல்சா என்ன ஆனாள்?' பதில் கிடையாது.

அப்புறம் ஒருநாள் இரண்டாம் பாகம் அறிவித்தார்கள். மூன்று புத்தகங்கள், இரண்டு மாதத்துக்கு ஒன்று. அறிவித்த அன்றே இணையத்தில் நானூறு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'என் இளமையை நாசமாக்கிவிட்டார்கள்' என்று அழுதார்கள். புத்தகம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. படித்துவிட்டுத் திட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். படிக்காமலே திட்டுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டாமா?

மார்ச் மாதத்துப் புதன். வெர்லின் மதியமே முதல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, அலுவலகத்து வண்டி நிறுத்துமிடத்தில் காரில் உட்கார்ந்து படித்தார். புத்தகம் முழுக்க ஒரு குத்து கிடையாது. வயதாகி, முட்டி தேய்ந்து, பலமெல்லாம் போன இடிமுட்டி ஒரு சமையலறையில் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே இல்சா. இருபத்தொரு வருடமாக, எதிரியின் மனைவிக்குத் துணையாக, தினமும் சாயங்காலம் அந்த மேஜையில் மூன்றாவது கோப்பை ஒன்றை எடுத்துவைத்துவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆந்தையும் தன் வீட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து காப்பியைக் கலக்குகிறான். கடைசிப் பக்கத்தில் இல்சாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். தொடரும்.

வெர்லின் அழுதார். கண் கலங்கியதோடு நிற்கவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அந்த நேரம் பார்த்துத் தேர்வுக்கு ஒரு பெண் தன் காரோடு வந்து நின்றாள். பத்தொன்பது அங்குலம் தள்ளி நிறுத்தினாள். "பரவாயில்லம்மா, போ" என்று தேர்ச்சி போட்டு அனுப்பினார். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது அவள் அப்பாவே நம்பவில்லை.

ஐந்து மணிக்குக் கடை நிரம்பி வழிந்தது. வெர்லின் உள்ளே கால் வைக்கும் முன்பே குர்ட் எகிறிக்கொண்டிருந்தான்.

"ஒரு குத்து இல்லப்பா! ஒரே ஒரு குத்துகூட! இருபத்தோரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தது இதுக்கா? கெண்டி கொதிக்கறதுக்கே நாலு பக்கம்!"

எல்லா முகமும் வெர்லின் பக்கம் திரும்பியது. டெசா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லுங்க வெர்லின். எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சு என்று சொல்ல வேண்டியதுதானே, வாய் என்ன தேய்ந்தா போய்விடும்? "எனக்கு..." என்று ஆரம்பித்தார். இருபது பேரும் சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் நாக்கு பழைய தடத்தில் ஓடிவிட்டது.

"எனக்கு டீ போடக் கத்துக்கணும்னா மார்னா கடைக்கு ஏன் வரேன்? சமையல் புத்தகம் விக்கற கடைக்குப் போயிருக்க மாட்டேனா?"

கடை அதிர்ந்தது. குர்ட் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவ்வளவுதான், வெர்லினைப் பிடிக்க முடியவில்லை. பத்து நிமிடம் கிழிகிழியென்று கிழித்தார். மனசுக்குள் இல்சா அந்தக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சபையோர் பார்க்க மார்னாவிடம் திரும்பி, "என் பெட்டியிலேர்ந்து இந்தத் தொடரை எடுத்துடு. அடுத்தது எனக்கு வேண்டாம்" என்றார்.

"நிஜமாவா? யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு வந்து வேணும்னு நின்னா என்கிட்ட இருக்காது" என்றாள் மார்னா.

"எடுத்துடு."

"என்னோடதும்" என்றான் குர்ட். "எனக்கும் வேண்டாம்" என்றாள் டெசா, கொஞ்சம் மெதுவாக. இருபத்து மூன்று பெட்டிகளிலிருந்தும் அந்தத் தொடர் அன்றே காலி. இணையத்திலும் அதே கூத்து. நம் ஊர் ஒன்றும் விசேஷமில்லை. எல்லா ஊரிலும் ஒரு வெர்லின், எல்லா வெர்லினுக்கும் கைதட்ட ஒரு கடை.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மறுபடி படித்தார். மனைவி ஜொலீன் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது மூணாவது தடவை போலிருக்கே?"

"தப்புக் கண்டுபிடிக்கறேன்."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"தப்பு நிறைய இருக்கு."

ஜொலீன் மேலே கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு அத்துப்படி.

தாங்க முடியாமல் போய், வெர்லின் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்க்கையில் முதல் பாராட்டு. சொந்தப் பெயரைப் போடத் தைரியம் வருமா? எங்கோ தூர மாநிலத்துப் பெண் போல 'க்ளாரிஸ், நெப்ராஸ்கா' என்று போட்டார். எழுதி முடித்து, அனுப்பப் போகும் கடைசி நொடியில் கை சும்மா இருந்ததா? அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: 'பத்தொன்பதாம் பக்கத்தில் ஆந்தை வலது கையால் காப்பி கலக்குகிறான். எண்பத்தெட்டாம் இதழில் அவன் வலது மணிக்கட்டு நொறுங்கியபிறகு அவன் இடதுகைக்காரன். கவனிக்கவும்.'

இந்த மணிக்கட்டு விவகாரத்தை மூன்றாம் தெருக் கடையில் வெர்லின் எத்தனை முறை பேசியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. வெர்லின் வாய் திறந்தால் மணிக்கட்டு என்று கடைப்பூனைக்குக்கூடத் தெரியும். இது தெரிந்தும் மனிதர் அதை எழுதினார். எழுதாமல் இருந்திருந்தால் அன்று சாப்பாடு இறங்கியிருக்காது.

ஒன்பது வாரம் கழித்து இரண்டாம் புத்தகம் வந்தது. வெர்லின் ஒரு திட்டம் வைத்திருந்தார்: வியாழனன்று பல்வலி என்று விடுப்புப் போட்டு, தன்னை யாருக்கும் தெரியாத பிரெய்னர்டு ஊருக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய், அங்கே ஒரு பிரதி வாங்கிவிடுவது. புதன் சாயங்காலம் வழக்கம்போலக் கடைக்கு வந்து தலைகாட்டினார்.

மார்னா தனக்கென்று ஒரே ஒரு பிரதி வரவழைத்திருந்தாள். அதைக் குர்ட் பிடுங்கிவைத்துக்கொண்டு வாசகர் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான், குரலைப் பெண் குரலாக்கி இழுத்து இழுத்து.

"கேளுங்கப்பா, நெப்ராஸ்காவுல க்ளாரிஸ்னு ஒரு அம்மா உருகித் தள்ளுது! 'வயதான இருவர் ஒன்றும் பேசாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதை இதுவரை எந்த நாயகனும் செய்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் அது தினமும் நடக்கிறது. அதற்கும் வீரம் வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தயவுசெய்து இல்சாவைக் கைவிட்டுவிடாதீர்கள்.' அய்யய்யோ, யாராவது கைக்குட்டை குடுங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

"இரு இரு, அடியில ஒரு குறிப்பு வேற. 'பத்தொன்பதாம் பக்கத்தில் ஆந்தை வலது கையால்...'" குர்ட்டின் பெண்குரல் அந்தரத்தில் நின்றது. மிச்சத்தை வாய்க்குள் படித்தான். தலையைத் தூக்கி வெர்லினைப் பார்த்தான். கடை மொத்தமும் பார்த்தது.

"யோவ்" என்றான். "க்ளாரிஸ் நீயா?"

வெர்லினின் முகம் காதுவரை சிவந்தது. ஊரே தேர்வில் தோற்று நின்றதை இத்தனை வருடம் பார்த்தவர், தான் நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு எல்லாரையும் பற்றிக்கொண்டது. "க்ளாரிஸ் அக்கா!" என்று யாரோ கூவினார்கள்.

"சும்மா இருங்க" என்றாள் டெசா. குர்ட்டின் தோளுக்கு மேலே எட்டி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ பதில் போட்டிருக்காங்க." புத்தகத்தை வாங்கி அவளே படித்தாள்.

"'அன்புள்ள க்ளாரிஸ், இந்தத் தொடரைப் பாராட்டி எங்களுக்கு வந்த கடிதம் உங்களுடையது ஒன்றே. ஓவியர் அதைப் பிரதியெடுத்துத் தன் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார். கடைகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு விழுந்துவிட்டதால் இந்த இதழோடு தொடரை நிறுத்துகிறோம். மூன்றாம் புத்தகம் வராது. கதவைத் தட்டியது யார் என்று எழுதியவருக்குத் தெரியும். இரண்டு பதிப்பகங்களின் ஒப்பந்தப்படி அதை அவர் வெளியே சொல்ல முடியாது. மணிக்கட்டுக்கு வருந்துகிறோம்.'"

சிரிப்பு அடங்கிவிட்டது. டெசா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். இல்சாவின் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. கதவு திறக்கவில்லை.

"வராதா?" என்றார் வெர்லின். "மூணாவது வரவே வராதா?"

"எனக்கும் புடிச்சிருந்துச்சு" என்றாள் டெசா. "ஆறு தடவை படிச்சேன்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னே?"

"நீங்க சொன்னீங்களே."

வெர்லின் குர்ட் பக்கம் திரும்பினார். "நீதானேடா முதல்ல கத்துனே?"

குர்ட் கழுத்தைச் சொறிந்தான். "அந்த மூணாவது கோப்பை வருதே, அந்தப் பக்கம்... எங்கம்மா போனப்புறம் எங்கப்பாவும் அப்படித்தான் எடுத்துவெப்பாரு." "நீ வந்து எப்படியும் கிழிக்கத்தானே போறே? அதான் நான் முந்திக்கிட்டேன்."

வெர்லின் புத்தகத்தை டெசாவின் கையிலிருந்து வாங்கினார். தாழ்ப்பாள் மேல் இருந்த அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள், பழக்கதோஷம்.

"நல்லா இருந்துச்சு" என்றார். கனைத்துவிட்டு இன்னும் உரக்கச் சொன்னார். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

மார்னா கல்லாவுக்குப் பின்னால் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதை மார்ச் மாசமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள்.